நிறைகோலும் நெஞ்சமும்

வணிகம் என்பது பொருளையும் பணத்தையும் கைமாற்றும் தொழில் மட்டுமன்று. நம்பிக்கையைக் கைமாற்றும் தொழிலும் ஆகும். அதனாலன்றோ திருமறையின் 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோரின் பெயரையே தன் பெயராகக் கொண்டுள்ளது! மத்யன் நகர மக்களுக்கு நபி ஷுஐப் (அலை) அவர்கள் விடுத்த எச்சரிக்கையும் அளவையையும் நிறுவையையும் பற்றியதே. நம் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலை நெஞ்சத்தைப் போற்றுகிறது. வள்ளுவப் பெருந்தகையும் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் துலாக்கோலையே சான்றோர்க்கு உவமையாக்கினார். ஆக, தராசு என்பது கடைக்காரரின் கருவி மட்டுமன்று. ஒரு சமுதாயத்தின் மனச்சான்றும் அதுவே எனலாம்.

இன்று அந்தத் தராசு எங்கே இருக்கிறது?

தேநீர்க் கடையிலும் பேருந்திலும் திருமண வீட்டுப் பந்தலிலும் நாம் நாள்தோறும் கேட்கும் கருத்து ஒன்றுண்டு. "விலைவாசி ஏறிவிட்டது" என்பதே அது. ஆனால், "எடை குறைந்துவிட்டது" என்று யாரேனும் கூறக் கேட்பது அரிது. விலை கண்ணுக்குத் தெரிகிறது, எடை தெரிவதில்லை. ஐந்து ரூபாய்க்கு விற்ற 80 கிராம் பிஸ்கட் அதே ஐந்து ரூபாய்க்கு 55 கிராமாக வருகிறது என்று கொள்வோம். உறையின் வண்ணம் மாறவில்லை, விலையும் மாறவில்லை. கணக்கிட்டுப் பார்த்தால், கிராமுக்கு ஆறே கால் பைசாவாக இருந்தது ஒன்பது பைசாவைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ 45 விழுக்காடு விலையேற்றம் ஓசையின்றி நடந்து முடிந்துவிட்டது!

சட்டம் இதனைத் தடுக்கவில்லையா என நீங்கள் வினவலாம். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் தேயிலை, சமையல் எண்ணெய் முதலிய பல பொருள்களை இன்னின்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என வரையறுத்திருந்தன. 2021இல் அவ்விதிகள் திருத்தப்பெற்று, அவ்வரையறை நீக்கப்பட்டது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் நிற்கும். இன்றோ லிட்டர் உறையைப் போலவே தோன்றும் உறையில் 850 கிராம் எண்ணெய் இருக்கக் காண்கிறோம். எடையை அச்சிட்டுவிட்டால் அது குற்றமாகாது. அதற்கு ஈடாக, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு இன்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று அதே திருத்தம் விதித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும், எடையைச் சரியாகக் காட்டும் பொறுப்பு விற்போனின் கையிலிருந்து, அச்சிட்டதைப் படித்தறியும் பொறுப்பாக வாங்குவோனின் கண்ணுக்கு இடம்பெயர்ந்துவிட்டது என்பதை நாம் உணர வேண்டும்.

என் வாப்பா சிறு மளிகைக் கடை வைத்திருந்தவர். சர்க்கரையை நிறுத்து முடித்தபின் ஒரு சிட்டிகை கொசுறாக இட்டுப் பொட்டலம் மடிப்பார். பொட்டலங்கள் ஆலையிலிருந்தே அடைத்து வரத் தொடங்கிய பின் ஒருநாள், வாடிக்கையாகப் பொருள் வாங்கும் அம்மையார் ஒருவர், "என்ன பாய், முன்னெல்லாம் பாக்கெட் நெறைய இருக்குமே, இப்ப பாதிதான் இருக்கு?" என்று கேட்டுவிட்டார். "அது மூடி வந்த பைம்மா, என் கை அதுல படவே இல்லை" என்றார் வாப்பா. அவர் போனபின் என்னிடம் சொன்னார்: "தராசு என் கையில இருந்தப்ப பழி வந்தா பதில் சொல்ல முடிஞ்சது. இப்ப தராசு எங்கேயோ இருக்கு. பழி மட்டும் என் கையில இருக்கு." சிறு வணிகர்களின் இன்றைய நிலையை இதனினும் சுருக்கமாக எப்பொருளாதார நூலிலும் நான் படித்ததில்லை.

இனி, படிப்பதற்கு வருவோம். தமிழ்த் துறையினராகிய நாம் கருத வேண்டிய இடம் இதுவே. என் உம்மா நாளிதழை முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படிப்பவர். தமிழை நன்கு அறிந்தவர். ஆனால், சத்துமாவு உறையைக் கையில் எடுத்தால் பேரனைத்தான் அழைக்க வேண்டியிருக்கிறது. எண்களை அவர் அறிவார். ஆனால், எந்த எண் எடை, எந்த எண் நாள், "ஆறு மாதத்திற்குள்" என்பது எந்த நாளிலிருந்து என்பதெல்லாம் ஆங்கிலத்தில் உள்ளன. உறையின் மீதான கட்டாய அறிவிப்புகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்பதே விதி. பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. ஆனால் கட்டாயமும் இல்லை. கட்டாயம் இல்லாததால், பல உறைகளில் தமிழும் இல்லை.

உறை சிறியது, நாடு பெரியது, மொழிகள் பல என்று உற்பத்தியாளர் கூறலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும், எடை, அடைத்த நாள், பயன்படுத்தத்தக்க காலம் ஆகிய மூன்றுக்கும் மூன்று வரிகள் போதுமே! தொலைக்காட்சி விளம்பரத்தில் அவர்களே அழகிய தமிழில் பேசுகிறார்கள், பாடவும் செய்கிறார்கள். விற்பதற்குத் தமிழ் வேண்டும். விற்றதன் எடையைச் சொல்ல மட்டும் தமிழ் வேண்டா என்பது என்ன நியாயம்?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட வரலாற்றை நாம் அறிவோம். மழையால் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய பெருமானார், ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். அங்கே விற்பனை தடுக்கப்படவில்லை, மறைத்தலே தடுக்கப்பட்டது. வாங்குவோர் அறியாத மொழியில், அவர் கண்ணுக்கு எட்டாத சிற்றெழுத்தில் உண்மையை அச்சிடுவதும் ஈரத்தை அடியில் வைப்பதே அன்றோ?

மாணவச் செல்வங்களே! 1986இல் பிறந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில், 2019இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி, நீங்கள் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். 1915 என்னும் எண்ணில் தொலைபேசி வழியாகவும் உதவி பெறலாம். தேநீர்க் கடையில் கருத்துரைப்பதோடு நம் குடிமைக் கடமை முடிந்துவிடுவதில்லை. உங்கள் வீட்டுப் பெரியோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் உறைகளைப் படித்துக் காட்டுங்கள். எடையும் நாளும் தமிழில் வேண்டும் என்று நிறுவனங்களுக்கும் அரசுக்கும் நல்ல தமிழில் மடல் எழுதுங்கள். கற்ற தமிழுக்கு அதுவும் ஒரு பயன்.

விற்போர் நாணயமும், வாங்குவோர் விழிப்பும், இரண்டையும் காக்கும் சட்டமும் ஓங்கிட எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!