இரண்டு தழும்புகள்

என் வலது கையில் இரண்டு தழும்புகள். மணிக்கட்டில் இருப்பது பதினாறு வயதில் தோசைக்கல் சுட்டது. விரல் முட்டியில் இருப்பது போன வருடத்தது. வீட்டு ஷெட்டில், எங்கள் பழைய மாருதி 800-க்கு பெல்ட் மாற்ற ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தும்போது ஸ்பேனர் வழுக்கியது.

தோசைக்கல் சுட்ட அன்று, "தண்ணியில காட்டு" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த தோசையை ஊற்றினார். ஸ்பேனர் வழுக்கிய அன்று வீடே கூடியது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இந்த வேலை?" என்றபடி பெரியம்மா மஞ்சள் வைத்தார். அவர் கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள், அரிவாள்மனை வெட்டு. அவற்றை யாரும் காயமாக எண்ணியதில்லை.

இறுகிய போல்ட்டில் ஸ்பேனரைத் தள்ளக் கூடாது, நம் பக்கம் இழுக்க வேண்டும். தள்ளித்தான் ஆகவேண்டும் என்றால், விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ள வேண்டும். பேட்டரியில் முதலில் நெகட்டிவ்வைக் கழற்ற வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. தம்பிக்கு இதையெல்லாம் பத்து வயதிலேயே அப்பா செய்து காட்டினார். அப்போது நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணாக இருந்ததால் என் கை வழுக்கவில்லை. அந்தப் பாடத்துக்கு என்னைக் கூப்பிடாததால் வழுக்கியது.