பதறாத கை

திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்கராக நான் சேர்ந்த புதிது. அன்று மாலை தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்பட வேண்டிய சரக்கின் பட்டியலைக் கணிப்பொறியில் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரெனத் திரை உறைந்தது, அம்புக்குறியும் அசையவில்லை. காலை முதல் செய்த வேலை அழிந்ததோ என அஞ்சி, மின்கம்பியைப் பிடுங்கக் கை நீட்டினேன்.

“பொறு தம்பி!” என்றார் மூத்த கணக்கர். “பெட்டியின் சிறு விளக்கு மின்னுகிறதே, பார். உள்ளே பதிவு நடக்கிறது. இப்போது மின்சாரத்தை நிறுத்தினால் கோப்புகள் சிதைந்துவிடும்.”

காத்திருந்தோம். விளக்கு அடங்கியது, திரையோ அசையவில்லை. அவர் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் என்னும் மூன்று விசைகளை ஒருசேர அழுத்தி, முடங்கிய செயலியை மட்டும் நிறுத்தினார். பின்பு கணிப்பொறியை முறைப்படி மறுபடி தொடக்கினார். கடைசியாகச் சேமித்தபின் எழுதிய சில வரிகளே போயின. “இதற்கும் இணங்காவிடில்தான் மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும்” என்றார்.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறியை மறுபடி தொடக்க இம்மூவிசை முறையை வகுத்தவர் டேவிட் பிராட்லி என்னும் பொறியாளர். கை தவறிப் பட்டுவிடாதபடி, இரு கைகளும் வேண்டுமாறு அதனை அமைத்தார். பதறாத காரியம் சிதறாது என்னும் நம் பழமொழியை அவ்விசைகளில் நான் கண்டேன். அடிக்கடி சேமிக்கும் பழக்கமும் அன்றே என்னிடம் வேரூன்றியது.