மலை ரயிலில் ஒரு "ஓ!"

பஸ்ஸில் ஊட்டி என்றால் எங்கள் சின்னவனுக்கு முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி. அதனால் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலைப் பிடித்தோம். "46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரமா?" என்று முணுமுணுத்தார் இவர்.

கல்லாறு தாண்டியதும் தண்டவாள நடுவிலுள்ள பற்களைச் சக்கரம் கவ்விக்கொண்டு ஏற, எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. "நாம பாட்டியைப் படியேத்துற மாதிரி!" என்றாள் பெரியவள். (பாட்டி பக்கத்திலேயே இருந்தார்!)

வழியில் மொத்தம் 16 குகைகள். முதல் இருட்டில் சின்னவன் என் புடவைக்குள் புதைந்துகொண்டான். பெட்டி முழுக்க "ஓ!" என்று கத்தவும் மெல்ல எட்டிப் பார்த்தான். மூன்றாவது குகையில் முதல் குரல் அவனுடையதுதான். வீட்டில் அதிர்ந்தே பேசாத இவரும் சேர்ந்து கத்தினாரே!

குன்னூர் வருவதற்குள் புளியோதரை காலி. வாந்திப் பேச்சே இல்லை. ஸ்வெட்டரை மட்டும் பெட்டிக்கு அடியில் வைத்துவிடாதீர்கள்.