பிர் கோட்டைப் பூங்காவில் ஒரு ராட்சதத் தொலைநோக்கி

அயர்லாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறது பிர் என்ற சிற்றூர். அங்குள்ள கோட்டைப் பூங்காவின் புல்வெளியில் இரண்டு பெரிய கல் மதில்கள் எதிரெதிரே நிற்கின்றன. நீளம் சுமார் 70 அடி, உயரம் 50 அடி. இடையில் ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கலாம் என்ற அளவுக்கு அகன்ற மரக்குழாய் ஒன்று, சங்கிலிகளின் பிடியில் வானம் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. 1845 முதல், அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கி வந்த 1917 வரை, உலகில் இதைவிடப் பெரிய தொலைநோக்கி கட்டப்படவில்லை.

கட்டியவர் மூன்றாம் ராஸ் பிரபு, வில்லியம் பார்சன்ஸ். வெளியூர் நிபுணர்களை நம்பியிராமல், தம் பண்ணை ஆட்களையே பழக்கி வேலை வாங்கினார். 6 அடி விட்டமுள்ள ஆடியைச் செம்பும் வெள்ளீயமும் கலந்து, கரிமண் எரித்த உலையில் உருக்கி வார்த்தார்கள். கேரளத்து ஆரன்முளைக் கண்ணாடியின் உலோகமும் கிட்டத்தட்ட இதே கலவைதான். பளபளப்பு கண்ணைப் பறிக்கும். ஆனால் தட்டினால் உடையும் ரகம். போதாக்குறைக்கு, அயர்லாந்தின் ஈரக்காற்று பட்டால் மங்கிவிடும். அதனால் இரண்டு ஆடிகள் செய்து, ஒன்று குழாயில் இருக்கும்போது மற்றதை மெருகேற்றினார்கள்.

மதில்கள் குழாயைத் தாங்கின, கட்டியும் போட்டன. மேலும் கீழும் தாராளமாகச் சாய்க்கலாம், பக்கவாட்டில் கொஞ்சம்தான் நகரும். ஒரு விண்மீனை ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர முடியாது. அப்படியும், 1845 வசந்தத்திலேயே எம் 51 என்ற மங்கலான ஒளித்திட்டு சுருள் வடிவில் இருப்பதைக் கண்டு ராஸ் கையால் வரைந்தார். அன்றுவரை அந்தச் சுருளை யாரும் கண்டதில்லை. அதே ஆண்டில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. ஊர் பட்டினி கிடக்க, வானாராய்ச்சி சில காலம் நின்றுபோனது.

பிறகு கண்ணாடியில் வெள்ளி பூசும் முறை வந்ததும் உலோக ஆடிகளின் காலம் முடிந்தது. 1908 வாக்கில் தொலைநோக்கியின் பல பாகங்களைக் கழற்றிவிட்டார்கள். ஓர் ஆடி லண்டனுக்குப் போனது.

1990-களில் புதுப்பிக்க முனைந்தபோது மூல வரைபடங்கள் கிடைக்கவில்லை. பொறுப்பேற்ற பொறியாளர் மைக்கேல் டப்ரிடி (சீஃப்டன்ஸ் இசைக்குழுவின் ஆரம்பகாலப் புல்லாங்குழல் கலைஞரும் இவரே!) எஞ்சிய பாகங்களை அளந்தார், பழைய அவதானிப்புக் குறிப்பேடுகளைத் துருவினார். பெரிதும் கைகொடுத்தவை, பிரபுவின் மனைவி மேரி எடுத்த புகைப்படங்கள். புகைப்படக்கலையின் ஆரம்பக் காலத்தில் எடுத்தவை அவை. புதுப்பித்தல் என்றால் பிரபுவைப் புகழ்ந்துவிட்டு மேரியை மறப்பது நியாயமில்லை.

கட்டுமானம் 1996-ல் தொடங்கி 1997-ல் முடிந்தது. பணம் போதாததால் ஆடி மட்டும் 1999-ல்தான் வந்தது. அது அலுமினியம். பழைய கலவையில் வார்த்திருந்தால் மறுபடி மங்கும், மறுபடி மெருகேற்ற வேண்டும். நவீனக் கண்ணாடி ஆடி வைத்திருந்தால் இது உலோக ஆடித் தொலைநோக்கி என்ற அடையாளமே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் எடுத்த இந்த முடிவைச் சிலர் அரைகுறை என்பார்கள்; என் கணக்கில் சரியான முடிவு. ராஸ் வார்த்த உலோகத்தையே பார்க்க ஆசைப்படுபவர்கள் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தைத்தான் நாட வேண்டும்.