லிடிட்சே: வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட பாடம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளிக்கு ஓவியப் போட்டி பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது. "டீச்சர், பிள்ளைங்ககிட்ட நாலு படம் வரைஞ்சு வாங்கி அனுப்பி வச்சிருங்க" என்று தலைமையாசிரியர் அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். செக் நாட்டில் லிடிட்சே என்ற ஊரில் நடக்கும் சர்வதேசக் குழந்தைகள் ஓவியக் கண்காட்சி அது. ஆங்கில எழுத்தைப் பார்த்து நான் "லிடிஸ்" என்று படித்தேன். பிள்ளைகளுக்கும் அப்படியே சொன்னேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் தன் ஊர்க் குளத்தை வரைந்தாள். கரையில் வேப்பமரம், படித்துறை, தண்ணீரில் இறங்கி நிற்கும் எருமைகள். பாதி வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "டீச்சர், அந்த ஊர்க்காரங்களுக்கு எதுக்கு நம்ம படம்?" என்று கேட்டாள்.

"போட்டின்னா அப்படித்தான். பேசாம கலர் அடிச்சு முடி, தபால்ல போடணும்" என்றேன்.

படங்களை அனுப்பினோம். பரிசு எதுவும் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன். பணி ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கைப்பேசியில் ஒரு புகைப்படம் பார்த்தேன். புல்வெளியில் வெண்கலத்தில் செய்த குழந்தைகள் கூட்டமாக நிற்கிறார்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். கீழே ஊர்ப் பெயர் இருந்தது. எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று யோசித்தேன். சுற்றறிக்கை ஞாபகத்துக்கு வந்தது. அன்று இரவெல்லாம் உட்கார்ந்து அந்த ஊரைப் பற்றிப் படித்தேன்.

எந்த ஊர்ப் பாடம் என்றாலும் முதலில் அமைவிடம் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். செக் நாட்டின் தலைநகர் பிராக். அங்கிருந்து வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் லிடிட்சே. பக்கத்தில் கிளாட்னோ என்ற தொழில் நகரம். அங்கே நிலக்கரிச் சுரங்கங்களும் உருக்கு ஆலையும் இருந்தன. மெல்ல ஏறி இறங்கும் வயல்வெளி, நடுவில் ஒரு சிறு பள்ளத்தாக்கு, அதில் ஓடும் ஓடை. ஓடையை ஒட்டி ஊர். சுமார் 100 வீடுகள், 500 பேர். புனித மார்ட்டின் பெயரில் ஒரு தேவாலயம், பள்ளிக்கூடம், ஒரு குளம், இடுகாடு. ஆண்களில் நிறையப் பேர் கிளாட்னோவுக்குச் சுரங்க வேலைக்கும் ஆலை வேலைக்கும் போய்வந்தார்கள். மற்றவர்கள் விவசாயம் பார்த்தார்கள்.

ஊரின் பெயர் எழுத்தில் முதலில் வருவது 1318இல். அதற்குப் பிறகு அறுநூறு வருடத்துக்கு மேல் பெரிய விசேஷம் எதுவும் இல்லை. நம் ஊர்களைப் போலத்தான். விதைப்பு, அறுப்பு, திருவிழா, கல்யாணம், சாவு. வரலாற்றுப் புத்தகத்தில் இடம் பிடிக்காத ஊர் என்றால் அது நிம்மதியாக இருந்த ஊர் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

1939 மார்ச்சில் ஹிட்லரின் படை செக் பகுதியை ஆக்கிரமித்தது. 1941இல் ரைன்ஹார்ட் ஹைட்ரிக் அங்கே அதிகாரத்துக்கு வந்தார். யூதர்களைக் கூண்டோடு அழிக்கும் திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அவர். 1942 மே 27 அன்று, பிரிட்டனில் பயிற்சி பெற்றுப் பாராசூட்டில் இறங்கிய யான் குபிஷ், யோசெஃப் கப்ச்சிக் என்ற இரண்டு வீரர்கள் பிராக்கில் அவர் காரை மறித்துத் தாக்கினார்கள். காயம்பட்ட ஹைட்ரிக் ஜூன் 4 அன்று இறந்தார்.

தாக்கியவர்கள் பிடிபடவில்லை. யாரையாவது பழிவாங்க வேண்டும் என்று ஹிட்லரின் ஆட்கள் துடித்தார்கள். அந்த நேரத்தில் ஒரு கடிதம் அவர்கள் கையில் சிக்கியது. தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு ஒருவன் எழுதிய தனிப்பட்ட கடிதம். அதை வைத்துத் துருவியபோது லிடிட்சேயின் பெயர் அடிபட்டது. அந்த ஊரில் இரண்டு குடும்பத்துப் பையன்கள் பிரிட்டனுக்குப் போய்ப் படையில் சேர்ந்திருந்தார்கள். அவ்வளவுதான். ஹைட்ரிக் கொலைக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தேடிப் பார்த்ததில் ஆயுதமும் கிடைக்கவில்லை.

ஜூன் 9 இரவு ஊரைச் சுற்றி வளைத்தார்கள். மறுநாள் காலை ஆண்களை ஹோராக் என்பவரின் பண்ணைக்குக் கொண்டுபோனார்கள். 15 வயது நிரம்பிய பையன்களையும் ஆண்கள் கணக்கில் சேர்த்தார்கள். சுவரில் மெத்தைகளைச் சாய்த்து வைத்து முதலில் ஐந்து ஐந்து பேராகவும், பிறகு பத்துப் பத்துப் பேராகவும் சுட்டார்கள். அன்று 173 பேர். பாதிரியார் யோசெஃப் ஷ்டெம்பெர்காவுக்கு வயது 70ஐத் தாண்டியிருந்தது. அவரும் தன் ஊர் மக்களோடு செத்தார். இரவு வேலைக்குப் போயிருந்தவர்கள், அந்த இரண்டு குடும்பத்து ஆண்கள் என்று இன்னும் 19 பேரைப் பிறகு கொன்றார்கள்.

பெண்களையும் குழந்தைகளையும் கிளாட்னோவுக்குக் கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் அடைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு மேலே படிக்க முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். புயல், வெள்ளம் என்றால் ஊர் சனம் பள்ளிக்கூடத்துக்குத்தான் ஓடிவரும். நானே எத்தனையோ முறை வகுப்பறையைத் திறந்துவிட்டுப் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறேன். அப்படி ஒரு கட்டடத்தில், மூன்றாம் நாள், தாய்களின் கையிலிருந்து பிள்ளைகளைப் பிரித்தார்கள். "பிள்ளைகள் தனி வண்டியில் வருவார்கள்" என்று சொல்லி நம்ப வைத்தார்கள்.

தாய்மார்களை ஜெர்மனியில் ராவென்ஸ்புரூக் முகாமுக்கு அனுப்பினார்கள். குழந்தைகளில் பெரும்பாலோர் போலந்தில் உள்ள வூச் நகரத்துக்குப் போனார்கள். அங்கிருந்து அந்தப் பிள்ளைகள் உறவினர்களுக்கு எழுதிய கடிதங்கள் சில இன்றும் இருக்கின்றன. துணி வேண்டும், ரொட்டி வேண்டும் என்று கேட்கிற கடிதங்கள். பிறகு ஹெல்ம்னோ என்ற இடத்தில் 82 குழந்தைகளை விஷவாயு செலுத்திக் கொன்றார்கள்.

ஊரில் மொத்தம் 105 குழந்தைகள். போர் முடிந்தபின் உயிரோடு திரும்பியவர்கள் 17 பேர். பார்ப்பதற்கு ஜெர்மன் பிள்ளைகள் போல இருக்கிறார்கள் என்று சிலரைப் பிரித்தெடுத்து, பெயரை மாற்றி, ஜெர்மன் குடும்பங்களில் வளர்த்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மரியே டோலெழலோவா. பத்து வயதில் போனவள் நான்கு வருடம் கழித்து 1946இல் வந்தாள். தாய் ராவென்ஸ்புரூக்கிலிருந்து உயிரோடு வந்து, காசநோயில் மருத்துவமனையில் படுத்திருந்தாள். மகளுக்குச் செக் மொழி மறந்துவிட்டது. தாய்க்கு ஜெர்மன் தெரியாது. பெற்ற தாயும் மகளும் பேச ஒரு மொழி இல்லை. மகள் திரும்பப் பழகத் தொடங்கிய சில மாதங்களில் தாய் இறந்துபோனாள். மரியே பிறகு நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னாள். தாய்மொழி என்ற தலைப்பில் நான் பிள்ளைகளுக்கு எத்தனை கட்டுரை எழுதக் கொடுத்திருப்பேன்! இந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியிருந்தால் போதும்.

ஊரை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வீடுகளைக் கொளுத்தினார்கள். தேவாலயத்தையும் பள்ளியையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இடுகாட்டைத் தோண்டினார்கள். மரங்களை வெட்டினார்கள். குளத்தைத் தூர்த்தார்கள். ஓடையின் போக்கையே மாற்றினார்கள். எல்லாவற்றையும் அவர்களே படமும் பிடித்தார்கள். அந்தப் படச்சுருள் பின்னால் அவர்களுக்கு எதிராகவே நியூரம்பெர்க்கில் சான்றானது.

ஊர்க்காரர் ஒருவர் தன் மகன் சாவுக்குக் காரணமானதால் 1938 முதல் சிறையில் இருந்தார். 1942 டிசம்பரில் விடுதலையாகி ஊருக்கு நடந்து வந்தார். சிறையில் அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. வந்து பார்த்தால் வீடு இல்லை, தெரு இல்லை, கோபுரம் இல்லை. பனி மூடிய வெட்டவெளி.

வரைபடத்திலிருந்து ஊரை அழித்துவிட்டோம் என்று அவர்கள் உலகத்துக்கு அறிவித்தார்கள். நடந்தது வேறு. சில வாரங்களுக்குள், ஜூலை மாதமே, அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு குடியிருப்புக்கு லிடிட்சே என்று பெயர் வைத்தார்கள். மெக்சிகோவில் ஒரு ஊர் இந்தப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் ஒரு பகுதிக்கு இந்தப் பெயர். தென் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கும் இந்தப் பெயரை வைத்தார்கள். இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரத்து மருத்துவர் பார்னெட் ஸ்ட்ராஸ், 1942 செப்டம்பரிலேயே லிடிட்சே மீண்டும் வாழும் என்று ஓர் இயக்கம் தொடங்கினார். அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள். கரி வெட்டுகிறவனின் கஷ்டம் கரி வெட்டுகிறவனுக்குத்தானே தெரியும்.

ராவென்ஸ்புரூக்கிலிருந்து 143 பெண்கள் திரும்பினார்கள். வந்த பிறகுதான் அவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. பழைய இடத்தில் கட்டாமல், சற்றுத் தள்ளி மேட்டில் 1947இல் புது லிடிட்சேவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 150 வீடுகள். பழைய ஊருக்கும் புது ஊருக்கும் நடுவில் 1955இல் ஒரு ரோஜாத் தோட்டம் அமைத்தார்கள். பல நாடுகளிலிருந்து செடிகள் வந்தன. பழைய ஊர் இருந்த இடம் இன்றும் புல்வெளிதான். அழிவில் தப்பிய ஒரு பேரிக்காய் மரம் அங்கே நிற்கிறது.

நான் படத்தில் பார்த்த வெண்கலப் பிள்ளைகளைச் செய்தவர் மரியே உகிட்டிலோவா என்ற சிற்பி. 1969இல் தொடங்கினார். 42 பெண் பிள்ளைகள், 40 ஆண் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு சிலையாக 82. வேலை முடியும் முன் 1989இல் அவர் இறந்தார். கணவர் தொடர்ந்து செய்தார். கடைசிச் சிலைகள் 2000இல்தான் வைக்கப்பட்டன.

அந்த ஓவியக் கண்காட்சி 1967இல் தொடங்கியது. இறந்துபோன அந்தக் குழந்தைகளின் நினைவாக, உலகத்துக் குழந்தைகள் வரைந்த படங்களை அந்த ஊர் வருடாவருடம் கேட்டு வாங்கி மாட்டி வைக்கிறது. இந்தியாவிலிருந்து ஏராளமான பிள்ளைகள் அனுப்புகிறார்கள்.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இருபத்தைந்து வருடம் தாமதமாகச் சொல்கிறேன். அன்று எனக்கும் தெரியாது. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். "தெரியலம்மா, பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை. அதைக்கூடச் சொல்லாமல் வாயை அடைத்துவிட்டேன். நல்ல கேள்வி கேட்ட பிள்ளையை அவசரப்படுத்தி உட்கார வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன். இப்படி எத்தனை கேள்விகளை விட்டிருப்பேனோ.

குளத்தைத் தூர்த்துவிட்ட ஊருக்கு அவள் குளத்தை வரைந்து அனுப்பினாள். ஏன் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாங்கள் அனுப்பிய படங்களை அங்கே யாராவது ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஏழாம் வகுப்பில் எருமையும் வேப்பமரமும் குளமும் வரைந்தது நீயாக இருந்தால், டீச்சருக்கு ஒரு வரி எழுதும்மா. உன் பிள்ளைகளுக்கு இந்த ஊரின் கதையைச் சொல். பெயரையும் சரியாகச் சொல்லிக் கொடு. நான் சொன்ன மாதிரி "லிடிஸ்" இல்லை. லிடிட்சே.