வாங்கி வைத்த விளையாட்டுகள்

நாம் கல்லூரி ஆசிரியர். வீட்டிலோ கணினி விளையாட்டுப் பித்தர். வாசகர் நகைக்கலாம். ஸ்டீம் என்னும் இணையக் கடையிலே மலிவு விற்பனை வந்துவிட்டால் நமது கை சும்மா இராது. 2015இல் வெளிவந்த ‘விட்சர் 3’ முதற் கிராமத்தோடு நின்றது. தொட்டும் பாராதவை இன்னும் 27. (வாசியாத நூல்களோடு ஒப்பிட்டால் இது சொற்பமே என்று மனைவியாரிடம் வாதிப்பதுண்டு.)

அவற்றுள் ஒன்றுதான் நெஞ்சை உறுத்துகின்றது. 2021இல் வந்த ‘இட் டேக்ஸ் டூ’வை இருவர் கூடியே ஆடவேண்டும், தனித்து ஆட இயலாது. மகனோடு ஆடவென்றே வாங்கினோம். விடைத்தாள் திருத்தி முடியட்டும் என்றோம். பின்னர், தவணை முடியட்டும் என்றோம். அவன் மெல்பேணுக்குப் படிக்கப் போய்விட்டான்.

ஒருவர் வாங்கியிருந்தால் மற்றவர் இணையவழி இலவசமாகவே சேரலாம் என்று பிந்தித்தான் அறிந்தோம். சென்ற சனிக்கிழமை அவனை ஆவலோடு அழைத்தோம்.

“திங்கட்கிழமை சோதனை அப்பா, அது முடியட்டும்” என்றான்.