குளத்தூர்ப் பால்வாடியில் ஒரு வியாழக்கிழமை

பிள்ளையை விட்டுவிட்டு அம்மா ஒளிந்து ஓடக்கூடாது. குளத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அங்கன்வாடியில் டீச்சர் கறாராக வைத்திருக்கும் சட்டம் இது.

"போயிட்டு வர்றேன்னு மொகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போம்மா. அழுதா அழுகட்டும். திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஆளக் காணோம்னா, நாளைக்கு அது எம் மடியிலயும் உக்காராது."

புதிதாகச் சேர்க்க வந்த பெண், மகனின் பிடியிலிருந்து முந்தானையை மெல்ல உருவிக்கொண்டு நழுவத்தான் பார்த்தார். டீச்சர் விடவில்லை. அவர் திரும்பி வந்து, குனிந்து, சொல்லிவிட்டுப் போனார். பையன் ஊரைக் கூட்டினான். டீச்சர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டே வருகைப் பதிவேட்டை எழுதி முடித்தார். பிறகு சமையல்கட்டு வாசலில், ஆயாம்மா பக்கத்தில் உட்காரவைத்து, கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொடுத்தார். இலையை உருவிப் போடுவது அவன் வேலை. அழுகை விம்மலாகி, விம்மல் விக்கலாகி, சட்டியில் இலை நிறையும்போது அதுவும் நின்றுபோயிருந்தது.

"பொம்மை குடுக்கலாமே?" என்றேன்.

"பொம்மைய வீசிடுவான் தம்பி. வேலைய வீச மாட்டான்."

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஒன்று குளத்தூர். ஆலங்குடியும் திருமயமும் மற்ற இரண்டு. இன்றும் வட்டத்தின் பெயர் குளத்தூர்தான். தாலுகா ஆபீஸ் இருப்பதோ கீரனூரில். கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் மானாவாரி. இடையிடையே தைலமரக் காடு, கல்குவாரி. ஆண்களில் பலர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். காலையில் பெண்களும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பிள்ளைக்குப் பாட்டி வேண்டும். இல்லையென்றால் பால்வாடி வேண்டும். பாட்டிகளும் கூலிக்குப் போகிற ஊர் இது.

1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு, பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளைப் பற்றி மத்திய அரசுக்கு ஓர் அறிக்கை தந்தது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு அடித்தளம் அதுதான். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சியை அடுத்த பாப்பாகுறிச்சியில் தொடங்கியபோது, கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளோடு இந்தப் பொடிசுகளையும் பந்தியில் சேர்த்துக்கொண்டார். இன்று தமிழ்நாட்டில் ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் மூன்று வயதில் திறக்கும் முன்பருவக் கல்வியின் கதவு இங்கே இரண்டு வயதிலேயே திறக்கிறது. அந்த ஒரு வருட வித்தியாசத்தில் எத்தனை வேலை கூடுகிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். மூன்று வயதுப் பிள்ளை "ஒண்ணுக்கு" என்று சொல்லும். இரண்டு வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் ஓட வேண்டும்.

வியாழக்கிழமை முட்டை நாள். திங்கள், புதன், வியாழன் என்று வாரம் மூன்று முட்டை. நடுவில் ஒரு நாள் பயறு, வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு. இங்கே யாருக்கும் முட்டை உரித்துக் கொடுப்பதில்லை. ஆயாம்மா ஓட்டைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிக் கையில் வைப்பார், மீதியைப் பிள்ளைதான் உரிக்க வேண்டும். கால் மணி நேரம் சத்தமே இல்லை. மஞ்சள் கருவைத் துப்புகிற பிள்ளைகள் இரண்டு மூன்று உண்டு. அவர்களுக்கு மட்டும் அதைச் சாதத்தில் மசித்துப் பிசைந்துவிடுகிறார். வீட்டில் ஊட்டினால்தான் சாப்பிடும் என்று தாய் சொல்லிவிட்டுப் போன பெண் குழந்தை, பக்கத்துத் தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு எலுமிச்சைச் சாதத்தை அள்ளியது. பாதி தரையில். யாரும் திட்டவில்லை.

சாப்பாட்டுக்கு முன்பே எடை பார்த்து முடித்திருந்தார்கள். எடை, உயரம் இரண்டையும் போஷன் ட்ராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். புஜத்தைச் சுற்றும் நாடா 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு; உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் டீச்சருக்கு நாடா சொல்வதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஒரு பையனைக் காட்டி, "இவன் ரெண்டு நாளா ஓடிப்பிடிச்சு வெளையாடல. சுவத்த ஒட்டியே உக்காந்திருக்கான். காதுவலியா இருக்கும்" என்றார். செவிலியர் வந்தபோது பார்த்தால் காதில் சீழ். செயலியில் இதற்குக் கட்டம் கிடையாது. பாதிப் பொழுது சிக்னல் தேடி டீச்சர் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டியிருப்பதும், அந்த நேரத்தில் இருபது பிள்ளைகளுக்கும் ஆயாம்மா ஒருவரே கண்ணாக இருப்பதும் எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை.

தூங்கவைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. பாயில் யார் பக்கத்தில் யார் என்பது தினமும் மாறும். சீக்கிரம் தூங்குகிறவர்களுக்கு நடுவில் ஒரு வாலைப் போட்டால் வாலும் அடங்கும். இரண்டு வால்களைச் சேர்த்துப் போட்டால் அறையே எழுந்துவிடும். புதுப்பையனைச் சுவரோரம் படுக்கவைக்கவில்லை. கண் விழித்ததும் வாசல் தெரிகிற இடத்தில் படுக்கவைத்தார்கள். அம்மா வரும் வழி அது.

இதைத் தொழில் என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. பெண் என்றால் பிள்ளை பார்க்கத் தெரியும், இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். அரசும் அப்படித்தான் நடந்துகொண்டது. அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆனது. திட்டத்துக்கு அப்போது வயது நாற்பத்தாறு.

காலையில் மஞ்சள் வேன் ஒன்று தெருவுக்குள் வந்து போனதைப் பார்த்தேன். டை கட்டிய பிள்ளைகள். மூன்று வயதானதும் பலர் எல்.கே.ஜி.க்குப் போய்விடுகிறார்கள். 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது, இந்த மையத்துக்கு அது வரவில்லை. "அங்க ஏ பி சி டி எழுதுதாம். இங்க வெளையாடிக்கிட்டுல்ல இருக்கு" என்று டீச்சரிடமே சொன்ன தாய் உண்டாம். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தின்படி அன்று புளியங்கொட்டையைப் பெரிசு சிறிசாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. வேனில் போகிற பிள்ளை மீது எனக்குக் கொஞ்சம் பரிதாபம்தான்.

இங்கே வராத பிள்ளைகளில் இன்னொரு வகையும் உண்டு: இரண்டு வயது நிரம்பாதவர்கள். ஆறு மாதத்திலிருந்து அவர்களுக்கு இணை உணவாகச் சத்துமாவுப் பாக்கெட் போகிறது. மாவு வீட்டுக்கு வந்துவிடும். பகலெல்லாம் மடியில் வைத்துக்கொள்ள ஆள் வராது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2017-இல் திருத்திய மகப்பேறு சட்டம், ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. களை பறிக்கிற வயலுக்கு எந்த நிறுவனத்தின் பெயரை எழுதுவது?

நூறு நாள் வேலைச் சட்டத்தில் மட்டும் ஒரு வரி வைத்தார்கள். தாய்மாரோடு சிறுபிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைத்தளத்துக்கு வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்க அமர்த்த வேண்டும். கூலி மற்றவர்களுக்கு உள்ளதே. ஊருக்கு வெளியே கண்மாய் தூர்வாரிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். கரையிலிருந்த புங்கமரத்தில் பழஞ்சேலைத் தூளிகள். ஆட்ட ஆளில்லை. மண் சுமந்து வருகிறவர்கள் போகிற போக்கில் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போனார்கள். பிள்ளை பார்க்க ஆள் போடவில்லையா என்று கேட்டேன்.

"அஞ்சு புள்ள இருந்தாத்தானாம்ங்க" என்றார் ஒரு பெண், கூடையை இறக்கி வைத்து. "நாலுதான் இருக்கு. பிரசவத்துக்குப் போன வெள்ளையம்மா மக திரும்பி வரட்டும், அப்பக் கேக்கணும்."